ஒரு கிலோமீட்டரும் ஒரு தறியும்

நடந்துபோகும் தூரத்தில் பள்ளி இருந்தாலே கல்வியில் நியாயம் வந்துவிடும் என்பது வரைபடத்தை மட்டும் பார்த்துச் செய்யும் வாதம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி வந்த விதிகள் தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர், நடுநிலைப்பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் என்று அளவு வைத்தன. காஞ்சிபுரம் போன்ற நெருக்கமான ஊருக்கு அது எளிய கணக்கு. ஆனால் அந்த ஊரின் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் தூரத்தை நிர்ணயித்தது தெரு அல்ல, தறி. உடலும் கரையும் வேறு நிறமாக வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; நெசவாளிக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். கூலியாளுக்குக் கொடுக்க முடியாத வீட்டில் அந்தக் கை பிள்ளையுடையது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அதை இன்னும் இறுக்கியது. குழந்தைத் தொழிலாளருக்கெனத் தனிச் சிறப்புப் பள்ளிகள் இங்கே தேவைப்பட்டதற்குக் காரணம் பள்ளிப் பற்றாக்குறை மட்டுமல்ல.

2016இன் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரின் வேலையைத் தடுத்தது. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் விட்டுவைத்தது. வீட்டுக்குள்ளேயே தறி கிடக்கும் ஊரில் இது சின்ன விலக்கு அல்ல. கிலோமீட்டர் கணக்கில் நெசவுக் கூலி இடம்பெறாதவரை அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான்.