அனாமத்தில் 180 கோடி டாலர்

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலக் கணக்குப் புத்தகத்தில் 180 கோடி டாலர் கேட்பாரற்றுக் கிடந்தது. எப்படி வந்தது, எந்தத் துறைக்குச் சொந்தம் என்று சொல்ல ஆளில்லை. 2024இல் மாநில செனட் விசாரணையில் இது வெளியே வந்தபோது, இவ்வளவு பணத்தை ஏன் பூட்டி வைத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. 2025 ஜனவரியில் தடயவியல் தணிக்கை அறிக்கை வந்தது. அந்த 180 கோடியில் சுமார் 160 கோடி எந்த வங்கியிலும் எந்த நாளும் இருந்ததே இல்லை. அது வெறும் எழுத்து. சுமார் 20 கோடிதான் நிஜப் பணம்.

யாரும் திருடவில்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் கலங்கவைப்பது அதுதான். திருட்டு என்றால் ஒரு திருடன் இருப்பான், பிடிக்கலாம், தண்டிக்கலாம். இங்கே நடந்தது, ஆண்டுக்கணக்காக இரண்டு கணக்குகளை யாரும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்கவில்லை என்பது.

நம் ஊரில் கருவூல அலுவலர் அரசு ஊழியர். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கருவூலரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி, கட்டணம், வாஷிங்டனிலிருந்து வரும் மானியம் எல்லாம் அவர் பொறுப்பில் உள்ள வங்கிக் கணக்குகளுக்கு வந்து சேரும். சம்பளமும் ஒப்பந்தக்காரர் பாக்கியும் அங்கிருந்துதான் போகும். இன்று தேவைப்படாத பணத்தை அவர் முதலீடு செய்வார். அதற்கு ஒரு வரிசை உண்டு: போட்ட முதல் கரையக் கூடாது, கேட்ட நாளில் கைக்கு வரவேண்டும், இவை இரண்டும் உறுதியான பிறகே வட்டி. வங்கி திவாலானால்? அமெரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீடு பொதுவாக 2.5 லட்சம் டாலர் வரைதான். ஆகவே அதற்கு மேல் வைக்கும் அரசுப் பணத்துக்கு ஈடாக வங்கி பத்திரங்களைப் பிணையாகத் தர வேண்டும் என்று பல மாநிலச் சட்டங்கள் கேட்கின்றன. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவை எல்லாம் வங்கியிடமிருந்தும் சந்தையிடமிருந்தும் பணத்தைக் காப்பவை. சொந்த அலுவலகத்தின் பேனாவிடமிருந்து காக்க வேறொன்று வேண்டும்.

ஏனென்றால், நூற்றுக்கணக்கான நிதிகளின் பணம் கருவூலரிடம் ஒரே குளமாகத்தான் கிடக்கிறது. இது கல்விக்கு, அது நெடுஞ்சாலைக்கு, இன்னொன்று சிறைத்துறைக்கு என்ற வேலி தண்ணீரில் இல்லை. பேரேட்டில் மட்டும் இருக்கிறது. அதனால்தான் பணத்தை ஒருவரும் கணக்கை இன்னொருவரும் வைத்திருக்கிறார்கள். தென் கரோலைனாவில் மாநிலத்தின் பொதுப் பேரேடு கம்ப்ட்ரோலர் ஜெனரலிடம், காசு கருவூலரிடம், இரண்டையும் சோதிக்க மாநிலத் தணிக்கையாளர். இரு புத்தகங்களும் ஒத்துப்போனால் மட்டுமே மூன்று அலுவலகங்கள் இருப்பதற்கு அர்த்தம்.

ஒத்துப்போகவில்லை. 2010களில் மாநிலம் பழைய கணினி முறையிலிருந்து புதியதற்கு மாறியது. இடம்பெயர்ந்த எண்கள் பொருந்தாதபோது வித்தியாசத்தை ஓர் அனாமத்துக் கணக்கில் போட்டார்கள். அதில் தவறே இல்லை. கணக்கு எழுதும் எல்லா அலுவலகங்களிலும் அப்படி ஒன்று உண்டு. காரணம் தெரியும்வரை வைத்திருந்து, தெரிந்ததும் உரிய தலைப்புக்கு மாற்றிக் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். இங்கே பூஜ்யமாக்கவில்லை. அது வளர்ந்தது. வளர்ந்தது பிழை என்பதே மறந்துபோய், சொத்து என்று எண்ணும் நிலை வந்தது. அந்தப் பணம் முதலீட்டில் இருக்கிறது, வட்டி ஈட்டுகிறது என்று கருவூலர் கர்ட்டிஸ் லாஃப்டிஸ் தரப்பு சொல்லிவந்தது. வட்டி வந்தது உண்மை. ஆனால் அது குளம் முழுவதற்கும் வந்த வட்டி. இல்லாத பணத்துக்கு வட்டி ஏது?

என் பெரியப்பா கணினி வருவதற்கு முந்தைய காலத்து வங்கிக் கிளையில் கணக்கர். சில ரூபாய் இடித்தால்கூட ஆட்கள் உட்கார்ந்து தேடுவார்களாம். அந்தத் தொகையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பத்தாயிரம் கூடுதலா ஒரு தப்பு, பத்தாயிரத்துப் பத்து குறைவா இன்னொரு தப்பு. கழிச்சா பத்து ரூபாதான்டா தெரியும்" என்பார். சிறிய வித்தியாசம் சிறிய பிழையின் அடையாளமல்ல. அவர் தேடியது பத்து ரூபாயை அல்ல என்பது இந்த வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. பத்து ரூபாய்க்கே அந்தப் பதற்றம் என்றால், 180 கோடி டாலர் இடித்துக்கொண்டிருக்கும்போது ஓர் அலுவலகம் மாலையில் எப்படி விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்ப முடிந்தது?

இது தனிச்சம்பவமும் அல்ல. அதே மாநிலத்தில் கம்ப்ட்ரோலர் ஜெனரலாக இருபதாண்டு இருந்த ரிச்சர்ட் எக்ஸ்ட்ராம் 2023இல் பதவி விலகினார். பெரும்பாலும் கல்லூரிகளுக்கு அனுப்பிய பணத்தை இரட்டிப்பாக எண்ணியதால், மாநிலத்தின் ரொக்க இருப்பு சுமார் 350 கோடி டாலர் கூடுதலாகக் காட்டப்பட்டிருந்தது. பத்தாண்டு அளவுக்கு நீடித்த பிழை. தடயவியல் அறிக்கை வந்த 2025 ஜனவரியிலேயே மாநிலத் தணிக்கையாளரும் விலகினார். எழுதுபவர், வைத்திருப்பவர், சோதிப்பவர் என்ற மூன்று காவல்களில் ஒவ்வொன்றும், மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருக்கிறது. காவலைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதை நான் முழுமனதாக ஆதரிப்பவன். ஆனால் பிரித்தவர்கள் மாதம் ஒருமுறையாவது ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே சட்டமாக்க வேண்டும்.

பணம் எதுவும் தொலையவில்லையே, பிறகு ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. சட்டமன்றம் பட்ஜெட் போடுவது இந்த எண்களை நம்பி. கடன்பத்திரம் வாங்குபவர் பணம் போடுவது இந்த எண்களைப் பார்த்து. இருப்பு எவ்வளவு என்று தெரியாத கருவூலத்திலிருந்து நாளை ஒருவர் நிஜமாகவே எடுத்தால், குறைந்தது என்று யாருக்குத் தெரியும்? திருட்டைக் கண்டுபிடிக்கும் திறனையே அந்த மாநிலம் இழந்திருந்தது.

2025 ஏப்ரலில் லாஃப்டிஸைப் பதவியிலிருந்து நீக்க செனட் 33க்கு 8 என்று வாக்களித்தது. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை. பிரதிநிதிகள் சபை அதை எடுத்துக்கொள்ளாமலே அந்த ஆண்டுக் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டது. தான் தவறேதும் செய்யவில்லை, இது அரசியல் என்பது அவர் நிலை. மக்கள் தேர்ந்தெடுத்தவரை மக்கள்தான் இறக்க வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம்.

ஜனநாயகத்தில் இந்த வாதத்துக்கு எடை உண்டு. ஆனால் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுன்டியை நினைத்தால் எனக்குத் தயக்கம் வருகிறது. அங்கே ராபர்ட் சிட்ரன் 1970களிலிருந்து கருவூலர். உள்ளாட்சிகளும் பள்ளி மாவட்டங்களும் ஒப்படைத்த சுமார் 750 கோடி டாலரை வைத்து மேலும் கடன் வாங்கி, 2,000 கோடிக்கு மேல் முதலீடு செய்திருந்தார். வட்டி விகிதம் ஏறாது என்பது அவர் கணிப்பு. மற்ற இடங்களைவிட அதிக வட்டி வந்ததால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. 1994 தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக், இது ஆபத்து என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜூன் மாதத்தில் மக்கள் சிட்ரனையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டு முழுக்க வட்டி விகிதம் ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 6 அன்று கவுன்டி திவால் மனு போட்டது. நஷ்டம் சுமார் 160 கோடி டாலர், இம்முறை நிஜப் பணம். அடுத்த ஆண்டு கருவூலர் நாற்காலிக்கு நியமிக்கப்பட்டவர் மூர்லாக்.