ஃபோல்டர் காலி பண்ண ஒரே வரி

"சித்தப்பா, சர்வர் என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது!"

போனில் அண்ணன் மகன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு நோட் ஜேஎஸ்ஸில் வெப்சைட் எழுதுகிறான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு ஃபோல்டர். ஆல்பம் கொடுத்து முடித்ததும் அதை அழிக்க வேண்டும். 'ஆர்எம்டிர்' கட்டளை கொடுத்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று மறுக்கிறதாம்.

மறுக்கத்தான் செய்யும். அது காலி ஃபோல்டருக்கான கட்டளை. சாமானை எடுக்காமல் சாவியை வாங்க மாட்டேன் என்கிற வீட்டுக்காரர் மாதிரி. முன்பெல்லாம் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக அழிக்க நாமே புரோகிராம் எழுதுவோம். இல்லையென்றால் 'ரிம்ராஃப்' என்ற இலவசத் தொகுப்பைச் சேர்த்துக்கொள்வோம். 2020-ல் நோட் 14.14 பதிப்பில் 'ஆர்எம்' வந்தது. அதில் 'ரிகர்சிவ்' என்று சொன்னால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து போய்விடும். 'ஃபோர்ஸ்' என்றும் சேர்த்தால், அப்படியொரு ஃபோல்டரே இல்லாவிட்டாலும் முணுமுணுக்காது.

"ஒரே வரியா? சூப்பர் சித்தப்பா!"

"இருப்பா. ஃபோல்டர் பேரு எங்கேருந்து வருது?"

"ஸ்டூடியோக்காரர் டைப் பண்ணுவார்."

"ஒண்ணுமே டைப் பண்ணாம பட்டனை அழுத்திட்டா?"

சத்தமே இல்லை. 'ஆல்பங்கள்' என்பதோடு வெற்றுப் பெயரைச் சேர்த்தால் மிஞ்சுவது 'ஆல்பங்கள்' மட்டும்தான். ஊர்க் கல்யாணம் அத்தனையும் போய்விடும். ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அவன் அக்கா கல்யாணப் படங்களும் அதில்தான் இருக்கின்றன.

இது பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த இதே மாதிரி 'ஆர்எம்' கட்டளையால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் மளமளவென்று மறைந்தன. பேக்கப்பும் சரியாக இல்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சூஸ்மன் என்ற பெண்மணியின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

அவனுக்கு மூன்று வேலை சொன்னேன். பெயர் வெற்றாக இருந்தால் நிறுத்து. முழுப் பாதையைக் கணக்கிட்டு, அது 'ஆல்பங்கள்' ஃபோல்டருக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று பார். இரண்டு புள்ளி வைத்தாலே வெளியே ஏறிப் போய்விடும். உடனே அழிக்காமல் 'குப்பை' என்று ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, முப்பது நாள் கழித்து அழி.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெற்றுப் பெட்டி, கீழே சிவப்பில் ஒரு வரி: 'யார் வீட்டுக் கல்யாணம்?'