பாதியில் நின்ற போர்வை



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டிலோ, கட்டிலுக்குக் கீழே உள்ள பெட்டியிலோ ஒரு துணி மூட்டை இருக்கிறதா? பிள்ளைகளின் பழைய சட்டைகள், பெருநாளுக்குத் தைத்த சீத்தையின் மிச்சம், உம்மாவின் சாரியில் கிழியாத பகுதி என்று சதுரம் சதுரமாக வெட்டி, அவற்றில் கொஞ்சத்தைச் சேர்த்துத் தைத்து, பிறகு அப்படியே கட்டி வைத்த மூட்டை?

ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்படாத பெண்கள் குறைவு. ஆரம்பித்ததை முடித்தவர்களும் குறைவு. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பிள்ளை பிறந்தது. வீடு மாறினோம். மெஷின் பழுதானது. மாமிக்குச் சுகமில்லாமல் போனது. ஒரு நோன்பு மாதத்தில் "பெருநாள் கழியட்டும்" என்று மூடி வைத்த மூட்டை, பத்துப் பெருநாள் கழிந்தும் திறக்கப்படவில்லை.

இந்த மாதம் அந்த மூட்டையை அவிழ்ப்பது பற்றிப் பேசுவோம். விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடங்குவது? எங்கே முடிப்பது?

முதலில் துணியைப் பாருங்கள்

மூட்டையை அவிழ்த்ததும் ஊசியை எடுக்க வேண்டாம். வெயில் உள்ள ஒரு காலை நேரம் பார்த்து, வெள்ளை விரிப்பொன்றின் மேல் எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். நமது நாட்டின் ஈரக் காற்றில், பொலித்தீன் பைக்குள் வருடக்கணக்கில் கிடந்த துணியில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். பூச்சி அரித்திருக்கலாம். குத்தி வைத்த குண்டூசிகள் துருப்பிடித்துக் கறை விட்டிருக்கலாம்.

ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மங்கிய துணி வேறு, நைந்த துணி வேறு. நிறம் மங்கியது போர்வைக்கு அழகுதான். ஆனால் இரண்டு கைகளாலும் மெதுவாக இழுக்கும்போதே இழை விடுகிற துணி, சில தடவை கழுவியதும் கிழிந்துவிடும். அதை ஒதுக்குங்கள். மனம் கேட்காவிட்டால், அதன் பின்புறம் மெல்லிய பருத்தித் துண்டொன்றை வைத்துத் தைத்துப் பலப்படுத்துங்கள்.

சிவப்பு, கருநீலம் போன்ற கடும் நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகக் கழுவி, தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். தெளியாவிட்டால் அது போர்வைக்கு ஆகாது. வெள்ளைப் பருத்தியில் உள்ள துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி, வெயிலில் வைத்து அலசினால் கறை குறையும். நிறத்துணியில் இதைச் செய்யாதீர்கள். கறையோடு நிறமும் போகக்கூடும்.

நூலும் வயதாகும். ஒரு முழம் நூலை எடுத்துச் சுண்டி இழுங்கள். சட்டென்று அறுந்தால் அந்த நூற்கட்டை வேண்டாம்.

கட்டங்களை எண்ணுங்கள்

இனித்தான் முக்கியமான வேலை. தைத்து முடித்த கட்டங்கள் எத்தனை? வெட்டி மட்டும் வைத்தவை எத்தனை? கடதாசியில் எழுதுங்கள்.

போர்வைகள் பாதியில் நிற்பதற்கு நேரமின்மை மட்டும் காரணமல்ல, சகோதரியே. ஆரம்பத்தில் நாம் போடும் கணக்கே பெரிது. 3½ அங்குலத் துண்டுகள் நான்கைக் கால் அங்குல ஓரம் விட்டுச் சேர்த்தால் 6½ அங்குலக் கட்டம் ஒன்று கிடைக்கும். அதை மற்றக் கட்டங்களோடு தைத்த பிறகு 6 அங்குலம் மிஞ்சும். 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள கட்டில் விரிப்புக்கு, குறுக்கே 10, நெடுக்கே 15 என்று 150 கட்டங்கள் வேண்டும். உங்களிடம் இருப்பது 45 என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 105! இந்த எண்தான் ஒவ்வொரு முறையும் மூட்டையை மறுபடி கட்ட வைக்கிறது.

அதே 45 கட்டங்களை வேறு விதமாகப் பாருங்கள். 42 கட்டங்களை 6க்கு 7 ஆகச் சேர்த்தால், 36 அங்குலத்துக்கு 42 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை. 28 கட்டங்களை 4க்கு 7 ஆகச் சேர்த்து, சுற்றிவர 3 அங்குலத்தில் ஒரே நிறத்துணியால் கரை வைத்தால், 30 அங்குலத்துக்கு 48 அங்குலத்தில் ஒரு முஸல்லா. 9 கட்டங்கள் இருந்தால் 18 அங்குலச் சதுரத்தில் ஒரு குஷன் உறை. அப்படியானால், குறையாகக் கிடப்பதாக நீங்கள் நினைத்த வேலையில் பெரும்பகுதி ஏற்கனவே முடிந்துவிட்டது. சேர்ப்பது மட்டுமே பாக்கி.

அன்று திட்டம் போட்டவர் நீங்கள்தான். ஆனால் அன்றைய வீடு, அன்றைய பிள்ளைகள், அன்றைய கண்பார்வை இன்று இல்லை. அன்றைய திட்டத்துக்கு நீங்கள் இன்று கடன்காரி அல்ல. துணியைக் காப்பாற்றுங்கள், திட்டத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு ராத்தாவின் கணக்கு

எங்கள் அயலில் ஒரு ராத்தா இருக்கிறார். கல்யாணமான புதிதில் இரட்டைக் கட்டிலுக்கென்று ஒரு போர்வையைத் தொடங்கினார். 210 கட்டங்கள் தேவைப்பட்ட இடத்தில் 96 தைத்த நிலையில் வேலை நின்றது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். இரண்டு மகள்மாரும் நிக்காஹ் முடிந்து போனார்கள். பிறகு கணவரும் மௌத்தானார். ராத்தா இத்தா இருந்த நாட்களில் மூத்த மகள் அலுமாரியை ஒதுக்கியபோது மூட்டை வெளியே வந்தது.

"முடித்துவிடுங்கள் உம்மா, பொழுதும் போகும்" என்றாராம் மகள். ராத்தாவுக்குக் கை போகவில்லை. இருவர் படுக்கும் கட்டிலுக்கு வெட்டிய போர்வை அது. இனி யாருக்கு?

சில நாட்கள் கழித்து அவரே ஒரு வழி கண்டார். 42, 42 ஆகப் பிரித்து இரண்டு குழந்தைப் போர்வைகள் தைத்தார். ஒவ்வொன்றுக்கும் கணவரின் சாரன் ஒன்றை அடித்துணியாக வைத்தார். மிச்சம் 12 இல் 9 கட்டங்களைக் கொண்டு, தாம் அமரும் கதிரைக்கு ஒரு குஷன் உறை. மீதி மூன்றும் இன்னமும் அவருடைய தையல் பெட்டியில் இருக்கின்றன. "அவை கிடக்கட்டும்" என்கிறார். எல்லாவற்றையும் முடித்தே ஆகவேண்டும் என்று சட்டமா என்ன?

அளவு ஒத்து வராவிட்டால்

பழைய கட்டங்களோடு புதியவற்றைச் சேர்க்கும்போது அளவு இடிக்கும். மெஷின் மாறியிருக்கும், கையும் மாறியிருக்கும். சேர்க்கும் தையலில் பக்கத்துக்கு அரைக்கால் அங்குலம் கூடினால், ஒவ்வொரு கட்டமும் கால் அங்குலம் சுருங்கும். பத்துக் கட்டங்களில் இரண்டரை அங்குலம் போய்விடும்! இதற்காகப் பழைய தையல்களைப் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். இருப்பவற்றில் ஆகச் சிறிய கட்டம் எதுவோ அதை அளந்து, மற்றவற்றின் ஓரங்களை அந்த அளவுக்கு வெட்டிச் சரிசெய்யுங்கள்.

அன்றைய சீத்தை இன்று கடையில் இருக்காது. அதே போன்ற துணி தேடி அலைய வேண்டாம். ஏறக்குறைய ஒத்த துணிதான் கண்ணை உறுத்தும். முற்றிலும் வேறு நிறமொன்றை எடுத்து, மூன்று நான்கு இடங்களில் பரவலாக வையுங்கள். வேண்டுமென்றே வைத்தது போல் இருக்கும். ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டுகளைப் பயன்படுத்துவதானால், டீசேர்ட் துணி போல இழுபடுவதைச் சீத்தையோடு சேர்க்காதீர்கள்.

நடுவில் பஞ்சு வேண்டுமா என்று கேட்பீர்கள். நுவரெலியாப் பக்கக் குளிருக்கு வேண்டுமானால் வைக்கலாம். கரையோரத்தில் இருப்பவர்களுக்குப் பழைய பருத்தி விரிப்பொன்று நடுவில் போதும். இலவம்பஞ்சு கழுவக் கழுவக் கட்டியாகிவிடும்.

மூன்று அடுக்கையும் பிணைக்க, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் சாதாரணத் தையல் போதும். அதை எளிதாக எண்ணாதீர்கள். வங்காளதேசத்தில் ஜெஸ்ஸோர், ஜமால்பூர், ராஜ்ஷாஹிப் பகுதிப் பெண்களின் 'காந்தா' போர்வைகளுக்கு இந்தத் தையலே அடிப்படை. பழைய சாரிகளையும் லுங்கிகளையும் அடுக்கி, சாரிக் கரையிலிருந்து உருவிய நிற நூலால் தைப்பது அவர்களது பழைய வழக்கம். கவிஞர் ஜசீமுத்தீன் 1929 இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற நெடுங்கவிதை, கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண்ணொருத்தி தன் வாழ்க்கையை அப்படியொரு போர்வையில் தைத்து வைத்த கதைதான்.

கணவரின் உடுப்பில் போர்வை தைத்தவர் நமது ராத்தா மட்டுமல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிறிய ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண்மணி, கணவர் இறந்த பின் 1942 இல் அவரது வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002 இல் ஹூஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006 இல் அமெரிக்கத் தபால் முத்திரைகளிலும் வந்தன. அவற்றில் பலவற்றின் கோடுகள் நேராக இல்லை. யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

உம்மா ஆரம்பித்ததானால்

மூட்டை உங்களுடையது அல்லாமல், மௌத்தான உம்மாவுடையதாக இருந்தால்? அவருடைய தையல் கோணலாக இருந்தாலும் பிரிக்காதீர்கள். நூல் நைந்த இடத்தில் அதன் மேலேயே ஒரு தையல் ஓட்டுங்கள். உங்கள் தையலுக்கு வேறு நிற நூல் எடுங்கள். எதுவரை உம்மா, எங்கிருந்து மகள் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும்.

உம்மா ஹயாத்தோடு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு துண்டாகக் கையில் கொடுத்துக் கேளுங்கள். இந்த நீலப்பூ யாருடைய சட்டை? இந்தக் கோட்டுத் துணி வாப்பாவின் சாரனா, மாமாவுடையதா? சொல்வதை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரிகளிடமும், 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோன வீடுகளின் பெண்களிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலருக்குத் தம் உம்மாவின் துணியில் கையளவுகூட மிஞ்சவில்லை. உங்களுக்கு ஒரு மூட்டையே மிஞ்சியிருக்கிறது. ஆனால் எது யாருடையது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் போய்விட்டால், பிறகு அது வெறும் வெட்டுத்துண்டுதான்.

ஒரு நாளைக்கு ஒரு நூல்

தினமும் ஒரு நூல் தைத்தால் போதும். 18 அங்குல நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் அமருங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், ஊசிக் கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கடதாசியைப் பிடித்தால் நூல் கோப்பது இலகு. வேலையை நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி விடாதீர்கள். துணியைப் பொலித்தீனில் அல்லாமல், கழுவிய வெள்ளைப் பருத்தியில் சுற்றி வையுங்கள். இடைக்கிடை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே துணி நைந்துவிடும்.

எண்ணிப் பார்த்து, துணியைப் பார்த்து, இனி உங்களால் ஆகாது என்று தெரிந்தால் அதுவும் ஒரு முடிவுதான். தையல் பழகும் பிள்ளையொருத்தியிடம் கட்டங்களைக் கொடுங்கள். அலுமாரியில் பூச்சிக்குக் கொடுப்பதை விட அது நல்லது.

முடித்துவிட்டால், அடித்துணியின் மூலையில் உங்கள் பெயரைத் தையுங்கள். ஆரம்பித்த வருடத்தையும் முடித்த வருடத்தையும் தையுங்கள். இரண்டுக்கும் நடுவே இருபது வருடம் இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம், சகோதரியே. அந்த இருபது வருடமும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. அது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.