நாங்கள் மாவு அல்ல

கிரைண்டரில் அரைபடும் அரிசி, "என்னை ஏன் அரைக்கிறாய்?" என்று கல்லைப் பார்த்துக் கேட்பதில்லையாம். கேட்காமல் அரைபட்டதால்தான் அது மாவாகிறது, மாவானதால்தான் இட்லியாகிறது, இட்லியானதால்தான் வீட்டில் எல்லாரும் பசியாறுகிறார்கள். "சகோதரிகளே, குடும்பத்தில் கர்த்தர் உங்களை அரைக்கிறாரா? அரைபடுங்கள்!" என்றார் பிரசங்கியார். பின்னாலிருந்த திரையில் வெள்ளை மாவு வழியும் படம் ஒன்று வந்தது. கீபோர்டில் யாரோ மெல்ல ஒரு சுருதியைப் பிடித்தார்கள். ஒரே நிறத்தில் சேலை கட்டி வந்திருந்த நாங்கள் எல்லாரும் 'ஆமென்' என்றோம்.

திருநெல்வேலிப் பக்கத்தில் நடந்த ஒரு பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் அது. என் பக்கத்தில் இருந்தவள் இடது மணிக்கட்டை முந்தானையால் மூடியிருந்தாள். அந்த வீக்கம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியும். அவளும் ஆமென் சொன்னாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

கூட்டம் முடிந்து பிரியாணி வரிசையில் நிற்கும்போது, "நல்ல செய்தி இல்லக்கா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று வராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சமையலறைப் பிரசங்கம் இப்போது தனி ஒரு வகையாகவே வளர்ந்துவிட்டது. பிரஷர் குக்கரின் வெயிட் நாவடக்கத்துக்கு உவமை. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வது சோதனைக்கு உவமை. ரேஷன் கடை வரிசை பொறுமைக்கு. மணம் கொடுத்துவிட்டு இலையோரம் ஒதுக்கப்படும் கறிவேப்பிலை தாழ்மைக்கு. கறிவேப்பிலையை மட்டும் நான் நான்கு பிரசங்கங்களில் கேட்டுவிட்டேன். ஞாயிறு ஆராதனையில் சொன்னதை இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி யூடியூபில் போடுகிறார்கள். திங்கட்கிழமை காலை, உண்மையிலேயே தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது, அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. அனுப்புவது பெரும்பாலும் மாமியாரோ கணவரோதான்.

அன்றாட வாழ்விலிருந்து விசுவாசத்தைக் கற்றுக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. நான் வளர்ந்ததே அதில்தான். என் ஆச்சி உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அது கோயிலுக்கு. (எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம்.) அரிசி பற்றாத நாளிலும் அந்தக் கைப்பிடி தவறாது. அன்றைக்கு யாருடைய தட்டில் குறைந்தது என்பதைச் சின்னப் பிள்ளையாக இருந்த நான் கவனித்ததில்லை. கடவுளுக்குக் கொடுப்பது என்றால் என்ன, அதன் விலை என்ன, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பானையில் இருந்தது. ஆனால் எந்தப் போதகரும் ஆச்சியிடம் வந்து, "இதைப் பற்றி நீங்கள் சபையில் பேசுங்கள்" என்று கேட்டதில்லை. அவர்களே பேசினார்கள். ஏழை விதவையின் இரண்டு காசோடு ஆச்சியின் அரிசியைச் சேர்த்துவைத்து, கட்டட நிதிக்கு எங்களை உற்சாகப்படுத்தினார்கள். மாற்கு சுவிசேஷத்தில் அந்த விதவை வருவதற்குச் சற்று முன்புதான், நீளமாக ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். பிரசங்கம் எப்போதும் அந்தக் கண்டனத்தைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

எங்கள் சமையலறை அவர்களுக்கு உவமை தருகிறது. அந்த உவமைக்குப் பொருள் சொல்லும் இடத்தில் மட்டும் நாங்கள் இல்லை. அந்தப் பொருள் எங்களுக்கே பாடமாகத் திரும்பி வரும்போது, நாங்கள் செய்த வேலை எங்களுக்குச் செய்யப்படும் வேலையாக மாறியிருக்கிறது. மாவு அரைத்தவள் மாவாகிவிட்டாள்.

"இயேசுவே அன்றாட உவமைகளைத்தானே சொன்னார்?" என்று கேட்பார்கள். சொன்னார். எப்படிச் சொன்னார் என்று பார்ப்போம். மத்தேயு 13இல் ஒரு பெண் மாவில் புளித்த மாவைக் கலக்கிறாள். நம் வேதாகமத்தில் மூன்று படி என்று இருக்கிறது. மூலத்திலுள்ள அளவு இன்றைய கணக்கில் 40 லிட்டரை ஒட்டி வரும். ஒரு குடும்பத்தின் ராச்சாப்பாடு அல்ல, கல்யாண வீட்டு மாவு. அதைப் பிசைந்தவளின் தோள் எப்படி வலித்திருக்கும் என்பது மாவு பிசைந்தவர்களுக்குத் தெரியும். அந்த உவமையில் பெண் மாவு அல்ல, பிசைகிறவள். பரலோக ராஜ்யம் அவள் கையிலிருந்து தொடங்குகிறது. லூக்கா 15இல் தொலைந்த காசை விளக்குக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிற பெண் யாருடைய இடத்தில் நிற்கிறாள்? காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பன் நிற்கும் அதே இடத்தில். கடவுளின் இடத்தில். மேய்ப்பன் படம் இல்லாத ஆலயம் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. கையில் விளக்குமாறு பிடித்த கடவுளின் படத்தை நான் ஓர் ஆலயத்திலும் பார்த்ததில்லை.

மூன்றாவது ஒருத்தி இருக்கிறாள், லூக்கா 18இல். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கும் விதவை. சலிக்காமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது என்று லூக்காவே முன்னுரை எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு முழங்காலில் நிற்கவில்லையே! நீதிமன்றத்துக்குப் போனாள். தன் எதிராளி இன்னார் என்று சொன்னாள். இவள் கடைசியில் என்னை அலட்டிவிடுவாள் என்று நியாயாதிபதி பயப்படும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது குத்துச்சண்டைக்காரர்களின் சொல். கண்ணுக்குக் கீழே குத்துவது என்று பொருள். நகைச்சுவையாகத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஊருக்கே அதிகாரியான ஒருவன், கைம்பெண் தன் கண்ணை வீங்கவைத்துவிடுவாள் என்று அஞ்சுகிறான். எங்கள் கூட்டங்களில் கண் வீங்கி வந்தவர்கள் எப்போதும் பெண்களாகவே இருந்திருக்கிறார்கள்.

மணிக்கட்டு வீங்கியவளிடம் வருகிறேன். அந்தக் கூட்டத்துக்கு முன்பே அவள் தன் சபைப் போதகரிடம் போயிருக்கிறாள். கணவனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். அவனுக்குக் குடியை விடச் சொல்லி ஒரு ஜெபம். அவளுக்கு வாயைக் குறைக்கச் சொல்லி ஒரு வசனமும் இருபத்தொரு நாள் உபவாசமும். குற்றம் ஒருவனுடையது, பட்டினி இன்னொருத்திக்கு. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. ஆலய வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. ஆராதனை நேரம், உபவாச ஜெபம், அசனப் பண்டிகை வரி, காணிக்கைக்கான கியூஆர் கோடு எல்லாம் அதில் உண்டு. 181 என்ற பெண்கள் உதவி எண் இல்லை. கேட்டேன். "கோயில்ல எதுக்கும்மா போலீஸ் நம்பர்லாம்?" என்றார் கமிட்டி உறுப்பினர் ஒருவர். அது போலீஸ் நம்பர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

இந்தப் பொறுமைப் பாடத்துக்குப் பின்னால் வெறும் மனப்பான்மை மட்டுமில்லை, சட்டமும் இருந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869இல் வந்தது. அதன் 10ஆம் பிரிவின்படி, மனைவி பிறன்தொடர்பு கொண்டாள் என்று மட்டும் நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை. மனைவிக்கு அது போதாது; கணவனின் பிறன்தொடர்போடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அடித்தான் என்பது மட்டும் காரணமாகாது. 2001இல் திருத்தப்படும்வரை சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. என் அம்மா தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அடி வாங்குவது விவாகரத்துக்குப் போதிய காரணமில்லை. சட்டம் மாறிக் கால் நூற்றாண்டு ஆகிறது. பிரசங்கம் இன்னும் 1869இல் நிற்கிறது. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு பிரசங்க பீடத்திலிருந்தும் நான் கேட்டதில்லை. ஏட்டில் வந்த உரிமை வீட்டுக்குள் வந்து சேர யாராவது அதை உரக்கச் சொல்ல வேண்டுமே. வாராவாரம் எங்களை ஒன்றாக உட்காரவைத்து, மைக்கும் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே?

அன்னையர் தின ஆராதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீதிமொழிகள் 31, குணசாலியான ஸ்திரீ. விடியுமுன் எழுந்திருக்கிறாள் என்பதில் தொடங்கி, விளக்கு அணையாது என்பதில் முடிப்பார்கள். நடுவில் அவள் தானே யோசித்து ஒரு வயலை வாங்குகிறாள், தன் கைத்தொழிலில் வந்ததைக் கொண்டு திராட்சைத் தோட்டம் போடுகிறாள், துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். யாரிடமும் அனுமதி கேட்டதாக ஒரு வரி கிடையாது. 'குணசாலி' என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'ஹாயில்' என்ற சொல். வலிமை, படைபலம் என்று பொருள்படும். அதே சொல் கிதியோனுக்கு வரும்போது தமிழில் 'பராக்கிரமசாலி' ஆகிவிடுகிறது. ஒரே சொல்தான், ஆணிடம் பராக்கிரமமாகவும் பெண்ணிடம் குணமாகவும் வந்து சேர்கிறது. தமிழாக்கத்தில் நடந்த இந்த ஒரு சிறு காரியத்தை மட்டும் எடுத்து ஒரு வருஷம் பிரசங்கம் பண்ணலாம். பண்ணுவதற்கு ஆள் வேண்டும்.

ஆள் இல்லாமலா போனார்கள்? திருநெல்வேலித் திருச்சபையின் பதிவேடு 1780இல் நாற்பது பேரோடு தொடங்குகிறது. அதன் முதல் பெயர் குளோரிந்தாள், ஒரு விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தார் என்பதற்காக அவருக்கு ஞானஸ்நானம் முதலில் மறுக்கப்பட்டது. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் ஸ்வார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த ஆலயம் அவர் முயற்சியில் கட்டப்பட்டது. ஒரு சபையை ஒரு பெண் தொடங்கலாம், கட்டலாம், பணம் சேர்க்கலாம். அதில் பேச 191 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்: தென்னிந்தியத் திருச்சபை பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது 1976இல். முதல் பெண் பேராயரான புஷ்பலலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல். கத்தோலிக்கத் திருச்சபையோ, 1994இல் இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர் எழுதிய மடலோடு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெண்கள் சாட்சி சொல்லலாம், அந்நியபாஷை பேசலாம், மணிக்கணக்கில் ஜெபிக்கலாம். கமிட்டியும் கணக்கும் எங்கே இருக்கின்றன என்று அங்கிருக்கும் தோழிகளைக் கேளுங்கள்.

பெண் மேடையேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. "அரைபடுங்கள்" என்று சொல்லும் பெண் பேச்சாளர்களும் இருக்கிறார்கள், கேட்டிருக்கிறேன். அதைவிட, அரைபட்ட தழும்பைக் காட்டிச் சொல்வதால் அவர்கள் பேச்சு இன்னும் ஆழமாக இறங்குகிறது. ஆனால் கேள்வி கேட்கிற பெண்ணுக்கு மேடையே இல்லாத இடத்தில், அவர்கள் மட்டும்தானே பெண் குரலாக ஒலிப்பார்கள்?

பவுலின் கட்டளையைக் கொண்டுவருகிறவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. சபையில் பெண் பேசக்கூடாது என்ற வரி இருக்கும் அதே கொரிந்தியர் நிருபத்தில், மூன்று அதிகாரங்களுக்கு முன்னால், பெண்கள் ஜெபிக்கவும் தீர்க்கதரிசனம் சொல்லவும் செய்கிறார்கள். தலையில் முக்காடு வேண்டும் என்றுதான் பவுல் சொல்கிறார், வாயில் அல்ல.

போன வருஷம் எங்கள் சங்கத்தில் ஒரு மாதம் பேச்சாளர் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையாம். நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். யாராவது ஒரு பகுதியை வாசித்துப் பேசுங்கள் என்றார்கள். வாசலோரம் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், வாசிக்கத் தெரியாதவர், புளித்த மாவு உவமையைச் சொல்ல எழுந்தார். ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. "பனி மாசத்துல மாவு பொங்காது. பொங்கலன்னா மாவையா குத்தஞ் சொல்லுவேன்? ஜெபம் பண்ணு மாவேன்னு சொல்லுவேனா? பானைய எடம் மாத்தி அடுப்புப் பக்கம் கொண்டு வப்பேன். சூடு இருக்க எடத்துலதான் அது பொங்கும்" என்றார். பிறகு வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

மணிக்கட்டு வீங்கியவள் அன்று வந்திருந்தாள். இரண்டு மாதம் கழித்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஐந்து நிமிஷப் பேச்சால்தான் போனாள் என்று சொல்லமாட்டேன். பேருந்துக் காசையே ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தாள். இப்போது ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கிறாள், வேறு கோயிலுக்குப் போகிறாள். எங்கள் சபையில் அவளைப் பின்வாங்கிப் போனவள் என்கிறார்கள், ஜெபக் குறிப்பில் பெயரும் சேர்த்திருக்கிறார்கள். அவனுடைய பெயர் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வருகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். தலைப்பு, 'சமையலறையில் கர்த்தர்'. அவருக்கு மதியச் சாப்பாடு யார் வீட்டில் என்று பெயர் எழுதும் தாள் கை மாறி என்னிடம் வந்தது. நான் எழுதாமல் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அவரும் எழுதாமல் அடுத்தவரிடம் நீட்டினார்.