வாசகன் விட்ட இடம் எங்கே?

இலக்கியம் பேசும் இடத்தில் கைப்பேசிச் செயலியின் பட்டைகளைப் பற்றி எழுதுவானேன் என்று எங்களுள் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே நண்பர்தான் ஒரு நாவலின் 17ஆம் அத்தியாயத்தை ஒரே மாலையில் மூன்று தடவை தேடிக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று எங்களிடம் புலம்பியவர். நாவலாசிரியரின் மீது அவருக்குக் குறையில்லை. மொழிநடையின் மீதும் இல்லை. நடுவில் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க அடியிலிருந்த ‘தேடல்’ என்பதைத் தொட்டிருக்கிறார். பார்த்துவிட்டு ‘நூலகம்’ என்பதைத் தொட்டதும், விட்ட பக்கம் வரவில்லை, அலமாரியின் முதல் வரிசை வந்து நின்றது. நூலை மறுபடி திறந்தால் அட்டைப்படம். மூன்றாவது தடவை அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உறங்கப் போய்விட்டார். அந்தச் செயலியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டால் வேறு பல செயலிகளுக்கும் பொருந்தும் கதை இது.

ஒரு வாசகர் ஒரு நூலைக் கைவிட்டதற்கு, அந்நூலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு பட்டை காரணமாக இருந்திருக்கிறது. இதை இலக்கியப் பிரச்சினை இல்லை என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, பாடல்களை அச்சிட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கவில்லை. பாடினோர் யார், பாடப்பட்டோர் யார் என்று வாசகன் நூலுக்குள் நடமாடுவதற்கான வழிகளையும் அமைத்துக் கொடுத்தார். உள்ளே நுழையவும் திரும்பி வரவும் வழி இல்லாத நூல் பாதி நூல்தான் என்பதை அறிந்த பதிப்பாசிரியர் அவர். இன்று அந்த வேலையைத் தமிழ்ச் செயலிகளில் யார் செய்கிறார்கள்? பெரும்பாலும் ஏதோ ஒரு வார்ப்புரு செய்கிறது.

விஷயத்துக்கு வருவோம். திரையின் உச்சியில் இருப்பது நேவிகேஷன் பார்; அடியில் இருப்பது டேப் பார். மேற்பட்டை, கீழ்ப்பட்டை என்று அழைப்பது எங்களுக்கு வசதி. 2008இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்குச் செயலி எழுதும் கருவிகளை வெளியிட்டபோதே இவை இரண்டும் இருந்தன. மேற்பட்டைக்கு 44 புள்ளி உயரம், கீழ்ப்பட்டைக்கு 49. அளவில் நெருங்கியவை என்பதால் வேலையிலும் ஒன்றுதான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கோளாறு தொடங்கும் இடம் அதுதான்.

கீழ்ப்பட்டை பகுதிகளைச் சொல்வது. நூலகம், தேடல், குறிப்புகள் ஆகியவை ஒன்றுக்கொன்று அக்கம்பக்கமாக இருப்பவை. ஒன்றன் உள்ளே மற்றொன்று இல்லை. மேற்பட்டை ஆழத்தைச் சொல்வது. நூலகத்துக்குள் ஓர் ஆசிரியர், ஆசிரியருக்குள் ஒரு நூல், நூலுக்குள் ஓர் அத்தியாயம் என்று ஒவ்வொரு திரையும் முந்தைய திரையின் மீது தட்டின் மேல் தட்டாக அடுக்கப்படுகிறது. இடதுபக்க அம்பைத் தொட்டால் மேல்தட்டு எடுக்கப்படும், அடியில் இருந்தது தெரியும். எனவே ஒழுங்கான அமைப்பு என்பது கீழ்ப்பட்டையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அடுக்கு இருப்பதுதான். ‘நூலகம்’ என்ற பகுதியில் நான்கு தட்டு ஆழத்தில் இருந்துகொண்டு ‘தேடல்’ பக்கம் போனால், அந்த நான்கு தட்டுகளும் அப்படியே காத்திருக்க வேண்டும். செயலி முழுமைக்கும் ஒரே அடுக்கை வைத்து, கீழ்ப்பட்டையைத் தொடும்போதெல்லாம் அதைக் கவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் நண்பரின் அந்த மாலை சாட்சி.

(கணித்தமிழில் ‘டேப்’ என்பதைத் ‘தாவல்’ என்று மொழிபெயர்த்த பெரியவர்களை ஒருகாலத்தில் நாங்கள் பரிகசித்ததுண்டு. கோப்பு அட்டையின் விளிம்பில் பெயர் எழுதி நீட்டிக்கொண்டிருக்கும் காதைத்தான் ஆங்கிலம் குறிக்கிறது. அது எங்கும் தாவுவதில்லை. விசைப்பலகையின் டேப் விசைக்குப் பொருந்திய சொல்லை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். ஆனால் நம் செயலிகளைப் பயன்படுத்தியபின் அச்சொல்லின் பொருத்தம் புரிகிறது. தொட்டால் வாசகன் தாவி எங்கோ விழுகிறான்.)

இது தமிழ் நிரலாளர்களின் தனிப் பிழை என்று சொல்லிவிட முடியாது. பெரிய இடத்துப் பிள்ளைகள் செய்த குழப்பம் இதில் நிறைய உண்டு. 2012இல் கூகுள் தன் ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டியில், ஐபோன்காரர்களைப் பார்த்து அடியில் டேப் பட்டை வைக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே கூறியது. நான்கே ஆண்டுகளில், 2016இல், அதே நிறுவனம் தன் மெட்டீரியல் வடிவமைப்பில் கீழ்ப்பட்டையைச் சேர்த்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து இடங்கள் வரை வைக்கலாம் என்றது. மனம் மாறுவது குற்றமில்லை. எங்களைச் சினமூட்டுவது வேறொன்று. அந்த மெட்டீரியல் வழிகாட்டியில், ஆண்ட்ராய்டில் கீழ்ப்பட்டையின் ஓர் இடத்தைத் தொட்டால் அப்பகுதியின் முதல் திரைக்கே போக வேண்டும், முன்பு விட்ட நிலை அழிந்துபோக வேண்டும் என்பதே இயல்பான நடத்தையாக எழுதப்பட்டிருந்தது. ஐபோனில் விட்ட இடம், ஆண்ட்ராய்டில் முதல் இடம்! ஒரே நாவலை வாசிக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் புத்தக அடையாளம் உருவப்பட்டது, அதுவும் விதியின் பெயரால். பகுதிக்கொரு அடுக்கைக் காப்பாற்றும் வசதி ஆண்ட்ராய்டின் நேவிகேஷன் நூலகத்தில் 2022இல், 2.4ஆம் பதிப்பில்தான் முறையாக வந்து சேர்ந்தது. வந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் பழைய வார்ப்புருவை நகலெடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இனிமேல் கூகுளைக் காரணம் காட்ட உரிமை இல்லை.

அடுத்து, கீழ்ப்பட்டையில் எது இருக்க வேண்டும் என்ற சண்டை. 2013இல் ஸ்டீவன் ஹூபர் என்பவர் பொது இடங்களில் மக்கள் கைப்பேசியைப் பிடிக்கும் விதத்தை 1,333 தடவை கவனித்துக் குறித்தார். திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால் பிடித்திருந்தார்கள். அப்படிப் பிடிக்கும்போது கட்டைவிரலுக்கு எளிதில் எட்டும் இடம் திரையின் அடிப்பகுதி. ஆகவே அந்த 49 புள்ளி உயரம் செயலியின் கடைத்தெரு முனை. அங்கே நிலம் விலை அதிகம். விலை அதிகமான நிலத்தில் யார் குடியேறுவார்கள் என்பதும் தெரிந்ததுதான். இன்ஸ்டாகிராம் 2020 நவம்பரில், புதிதாக ஒன்றைப் பகிரும் பொத்தானையும் அறிவிப்புகளையும் உச்சிக்குத் தூக்கிவிட்டு, கீழ்ப்பட்டையில் ரீல்ஸையும் கடையையும் உட்கார வைத்தது. இடம்மாறிய பொத்தானைத் தேடிப் போன கோடிக்கணக்கான விரல்கள் கடையில் போய் விழுந்தன. 2023 பிப்ரவரியில் கடையை எடுத்துவிட்டுப் பகிரும் பொத்தானை மறுபடி நடுவில் வைத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு அது ஒரு பரிசோதனை. பழக்கத்தால் பழைய இடத்தையே தொடும் மனிதனின் விரலை வருமானமாக மாற்றும் முயற்சி என்று நாங்கள் அதைப் படிக்கிறோம்.

வாசிப்புச் செயலிகள் இந்தப் பாடத்தில் நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் பிடித்துக்கொண்டன. ‘சலுகைகள்’ என்ற பெயரில் ஓர் இடம், ‘சந்தா’ என்று ஓர் இடம். வாசகன் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலுக்கு இடம் இல்லை. சிற்றிதழ்ச் செயலி ஒன்றில் இதழே கீழ்ப்பட்டையில் இல்லாத விந்தையையும் பார்த்தோம். அது மூன்று கோட்டுக்குள் இருந்தது. இந்த மூன்று கோடு, ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது; அக்கணினி வந்தது 1981இல். சின்னத்தின் மீது எங்களுக்குக் குறை கிடையாது. எதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கத் துணியாதவர்கள் எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிடுகிறார்கள் என்பதே குறை. வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுவது போன்ற சுத்தம்.

தமிழுக்கென்று ஒரு தனித் துன்பமும் இருக்கிறது. 390 புள்ளி அகலமுள்ள ஐபோன் திரையை ஐந்தாகப் பிரித்தால் ஓர் இடத்துக்கு 78 புள்ளி. அதில் 10 புள்ளி அளவெழுத்தில் பெயர் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதும். ‘பதிவிறக்கங்கள்’ என்ன செய்யும்? ‘பதிவிறக்க…’ என்று மூன்று புள்ளி வைத்து மூச்சு வாங்கும். இதற்குத் தீர்வாகச் சிலர் எழுத்தை இன்னும் சிறிதாக்குகிறார்கள்; கொம்பும் காலும் சுழியும் கரைந்து ஒரு கறுப்புத் தடம் மிஞ்சுகிறது. வேறு சிலர் பெயரையே எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் விடுகிறார்கள். ஒரு புத்தகப் படம், ஒரு திறந்த புத்தகப் படம், ஒரு புத்தக அடுக்குப் படம் என்று வரிசையாக மூன்று புத்தகங்கள். எது நூலகம், எது வாசிப்பு, எது கடை என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். மொழிபெயர்ப்பாளரை அழைத்து ஆங்கிலப் பெயருக்கு ஈடு கேட்காமல், தமிழ் தெரிந்தவரை அழைத்து ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் போதும். அலமாரி, தேடல், குறிப்பு, கடை என்று நாலு எழுத்துக்குள் சொல்லிவிடுவார். சொற்சுருக்கத்தைப் பற்றி நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

மேற்பட்டையின் அவலம் இதைவிட அமைதியானது, எனவே கவனிக்கப்படாதது. அது செய்ய வேண்டியவை இரண்டு: இப்போது எங்கே இருக்கிறாய், எங்கிருந்து வந்தாய். நம் செயலிகளில் அத்தியாயத்தின் பெயர் இருக்க வேண்டிய நடுவிடத்தில் நிறுவனத்தின் இலச்சினை இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அத்தியாயத்தின் பெயருக்குப் பதிலாகத் தன் முத்திரையை மட்டும் அச்சிடும் பதிப்பாளரைக் கற்பனை செய்துபாருங்கள். ஐபோனில் திரும்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கடந்து வந்த திரைகளின் பெயர்கள் வரிசையாக விரியும் வசதி 2020 முதல் உண்டு. திரைகளுக்குப் பெயரே வைக்காத செயலியில் அந்த வசதிக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

‘இப்போதெல்லாம் யாரும் பொத்தானைப் பார்ப்பதில்லை, விளிம்பிலிருந்து தேய்த்துத் திரும்பிவிடுகிறார்கள்’ என்பார்கள். தேய்க்கட்டும். 2013 முதல் ஐபோனில் அது பழகிப்போன ஒன்று. ஆனால் பக்கம் புரட்டுவதும் தேய்ப்புதான், அத்தியாயத்தை விட்டு வெளியேறுவதும் தேய்ப்புதான் என்று அமைத்தால், விரல் ஓர் அரை அங்குலம் பிசகினால் வாசகன் நூலுக்கு வெளியே நிற்பான். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இதற்கு அஞ்சியே பக்கத்தின் நடுவில் மட்டும் விரலை வைத்துப் புரட்டப் பழகியிருக்கிறார். கருவிக்கு அஞ்சி ஒடுங்கிப் படிப்பது என்ன வாசிப்பு?

வாசிப்புத் திரை வந்துவிட்டால் கீழ்ப்பட்டை ஒதுங்கிவிட வேண்டும் என்பது எங்கள் தரப்பு. பொதுவாகக் கீழ்ப்பட்டையை மறைக்கலாகாது என்று சொல்லும் வழிகாட்டிகளை மதிக்கிறோம். அவை வங்கிச் செயலிக்கும் அஞ்சல் செயலிக்கும் சரி. ஏற்கெனவே இருக்கும் பகுதியின் பெயரையே இன்னொருமுறை தொட்டால் அடுக்கு முழுவதும் கலைந்து முதல் திரைக்குப் போவது ஐபோனின் வழக்கம். நாவலின் கடைசி வரிக்கு அரை விரற்கடை கீழே அப்படியொரு பொறியை வைத்துக்கொண்டு எவரும் நிம்மதியாகப் படிக்க முடியாது. பக்கத்தின் நடுவில் ஒருமுறை தொட்டால் இரு பட்டைகளும் வரட்டும், மறுபடி தொட்டால் போகட்டும். திரும்பி வரும்போது அதே பக்கம், அதே பத்தி இருக்கட்டும். செயலியை மூடி மறுநாள் திறந்தாலும் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் சற்று மென்மையான மொழியில், தொடக்கத்தில் சொன்ன அந்தச் செயலிக்காரர்களுக்கு எழுதியனுப்பினோம். மரியாதையான பதில் வந்தது. அடுத்த பதிப்பில் கவனிப்பதாகச் சொன்னார்கள். அடுத்த பதிப்பும் வந்தது. கீழ்ப்பட்டையில் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஐபோனில் ஐந்துக்கு மேல் போனால் முதல் நான்கை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை ‘மேலும்’ என்பதற்குள் தள்ளிவிடும் அல்லவா? ‘சலுகைகள்’ நான்காவது இடத்தில் இருக்கிறது. ‘குறிப்புகள்’ இப்போது ‘மேலும்’ உள்ளே இருக்கிறது. எங்கள் நண்பர் அந்த நாவலின் அச்சுப் பிரதியை வாங்கிவிட்டார். 17ஆம் அத்தியாயத்தில் பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்.