காற்றுறையில் ஓர் இடைச்செருகல்

பழைய பந்தய மோட்டார்சைக்கிள்களுக்கு ‘ஃபேரிங்’ எனப்படும் காற்றுறை வடிவமைப்போர் சிலரிடம் ஒரு வாதம் உண்டு. விதிநூல் வெளிப்படையாக விலக்காத எதுவும் விதிக்கு உடன்பட்டதே என்பது அது. இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கிறோம். இலக்கியப் பக்கத்தில் எந்திரத்துக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். பழம்பொருள் ஒன்றை இன்று எடுத்தாள்வதில் நேர்மை யாது என்னும் வினா ஏட்டுச்சுவடிக்கும் எந்திரத்துக்கும் பொதுவானதுதானே!

முதலில் வரலாறு. 1950களின் நடுவில் பந்தய வண்டிகள் முன்சக்கரத்தையும் மூடும் முழு உறையை அணிந்தன. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் ‘டஸ்ட்பின்’, அதாவது குப்பைத்தொட்டி. பெயர் இழிவாயினும் பயன் பெரிது. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் மாண்டெல்லோ டெல் லாரியோவில் தனக்கென ஒரு காற்றுச்சுரங்கமே கட்டிக்கொண்டது. கார்கானோ உருவாக்கிய அதன் ஒற்றை உருளை வண்டிகள் 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 350 சிசி உலகப் பட்டத்தை வென்றன. 1957இல் பாப் மெக்கின்டயர் மான் தீவில் மணிக்கு 100 மைல் சராசரியை எட்டிய முதல் சுற்றை ஓட்டியதும் இத்தகைய உறையணிந்த கிலேரா வண்டியில்தான்.

ஆயின் அவ்வுறையில் ஓர் ஆபத்தும் இருந்தது. குறுக்கே வீசும் காற்றின் அழுத்தம் வண்டியின் எடைமையத்துக்கு முன்னால் விழுந்தமையால், வண்டியின் முகம் திடீரெனத் திரும்பும் அபாயம் நேர்ந்தது. 1957 பருவத்தோடு சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். அதனை விலக்கியது. முன்சக்கரம் பக்கவாட்டில் தெரிய வேண்டும். முன்கை நீங்கலாக ஓட்டுநரின் உடல் இருபுறமிருந்தும் தெரிய வேண்டும். சக்கரத்தைத் திறந்துவிடும் ‘டால்பின்’ உறை பந்தயங்களில் நிலைபெற்றது இதனால்தான். இவ்விதிக்குப் பின்னாளைய விதிநூல்களில் ஒரு புறனடையும் காணப்படுகிறது: ஒளி ஊடுருவும் பொருளைக் கொண்டு இதனைத் தட்டிக்கழிக்கலாகாது. விதியின் சொல்லைக் காத்துக்கொண்டே அதன் நோக்கத்தைக் கொல்ல முனைவோர் வருவர் என்பதை விதி செய்தோர் நன்கறிந்திருந்தனர்.

இவ்வெல்லைக்குள் வடிவமைப்பாளனுக்கு இடமில்லை என்பது வீண்புலம்பல். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்ட ஆற்றலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். ஆகவே உறையில் கிட்டும் சிறு ஆதாயமும் பெரிது. காற்றுக்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து வரும் காற்று தலைக்கவசத்தின் மேல் வழுவிச் செல்கிறதா? கைகளுக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு? எஞ்சினைக் குளிர்விக்க நுழைந்த காற்று எவ்வழியே வெளியேறுகிறது? இருக்கையின் பின்திமில் ஓட்டுநரின் முதுகைத் தொடர்கிறதா? கம்பளி நூல் துண்டுகளை உறையின்மேல் ஒட்டி ஓடவிட்டாலே இவற்றுள் பலவற்றுக்கு விடை கிடைக்கும். அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்த பழைய கைவினைஞனுக்கும் எட்டிய வழிகள் இவை.

நாம் எதிர்ப்பது வேறொன்றை. கணினியில் காற்றோட்டத்தைக் கணித்து, அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு வடிவைப் பெற்று, கரியிழையில் வார்த்து, மேலே பழைய வண்ணமும் பழைய நிறுவனப் பெயரும் தீட்டி, ‘1962ஆம் ஆண்டு வண்டி’ என்று நிறுத்துவதை எதிர்க்கிறோம். இதற்குத் தமிழில் பெயர் உண்டு: இடைச்செருகல். பழம்பாடலுக்குள் தன் பாட்டை நுழைத்துப் பழம்புலவன் பெயரிலேயே உலவவிடும் பதிப்பாசிரியனை நாம் மன்னிப்பதில்லை. அவன் பாட்டு நன்றாயிருப்பது குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

‘கார்கானோவிடம் கணினி இருந்திருந்தால் அவரும் பயன்படுத்தியிருப்பாரே’ என்பர். ஐயமின்றிப் பயன்படுத்தியிருப்பார். அவர் தம் காலத்தின் கருவி அனைத்தையும் கையாண்டு, தம் காலத்து வண்டியைத் தம் பெயரிலேயே ஓடவிட்டார். இன்றைய கணிப்பைக் கொண்டு பழைய உறை ஏன் அவ்வாறு நடந்துகொண்டது என்று ஆராய்வோரை நாம் போற்றுகிறோம். அது உரை எழுதுவது போன்றது. மூலத்தையே மாற்றிவிட்டு மூலம் என்பதுதான் பிழை.

இதில் இழப்பு வெறும் கொள்கையிழப்பு அன்று. கரியிழை வார்ப்புக்கும் கணிப்புக்கும் பணம் வேண்டும். அவை வெல்லத் தொடங்கினால், வீட்டுக் கொட்டகையில் தானே தகடு தட்டி உறை செய்பவன் தோற்றுத் தோற்று ஒருநாள் வாராதொழிவான். அவனோடு அவன் கைப்பழக்கமும் போகும். ஓட்டிப் பார்த்தாலன்றி அறியவொண்ணாத வண்டி ஒன்று அசையாப் பொருளாகிவிடும்.

ஆகவே பழம்பந்தயம் நடத்துவோர் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். உறையின் வடிவுக்கு அக்காலத்து ஒளிப்படமோ வரைபடமோ சான்றாகக் காட்டப்பட வேண்டும். சான்று காட்டும் சுமை ஐயுறுபவனுக்கு உரியதன்று. உறை அணிந்து வருபவனுக்கே உரியது. சான்றில்லாத உறை எத்துணை வேகமானதாயினும், அதற்குரிய இடம் இன்றைய வண்டிகளின் பந்தயமே.