வெள்ளைச் சீட்டு

எங்கள் பேரூராட்சியில் தனியார் பள்ளி இரண்டுதான். ஒன்று மெட்ரிக், மற்றது நர்சரி பிரைமரி, ஐந்தாவதோடு சரி. மூன்றாவதாக ஒரு பள்ளி வேண்டுமென்றால் 22 கிலோமீட்டர் வேனில் போக வேண்டும். "பிடிச்ச ஸ்கூல்ல சேர்த்துக்குங்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது மூன்றரை வயதுப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துக் கலர் கேட்டார்கள், நம்பர் கேட்டார்கள். பிறகு எங்களிடம், "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என் மனைவி பத்தாவது. அதைச் சொல்லும்போது அவள் தலை குனிந்ததை நான் மறக்க மாட்டேன். சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிக்கக் கூடாது, நன்கொடையும் வாங்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு. சோதித்தால் முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம்.

பணம் கட்டும்போது, அரசுக் குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு முறையான ரசீது. மீதிக்கு ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. "இதுக்கு பில்?" என்றேன். "எல்லாரும் கட்டிட்டாங்க சார், நீங்க மட்டும்தான் கேக்குறீங்க."

பெரிய ஊராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு அடுத்த தெருப் பள்ளிக்குப் போகலாம். இங்கே தாளாளரின் அண்ணன் கடையில்தான் எங்கள் மளிகைக் கணக்கு. அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் நான். புகார் எழுதினால் மறுநாளே டீக்கடையில் என் பேர் அடிபடும். என் பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

25 சதவீத இலவச இடம் உண்டே என்பார்கள். அதற்கு வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். இரண்டு பள்ளியும் பஸ் ஸ்டாண்டு பக்கம். அந்த இடம் யாருக்கு உண்மையில் தேவையோ, அந்தக் காலனிப் பிள்ளைகளும் குக்கிராமத்துப் பிள்ளைகளும் வெகு தூரத்தில்.

அரசுப் பள்ளிக்கும் போனேன். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர். "அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு போஸ்ட்தான் தம்பி. நீங்கள்லாம் அங்க போயிட்டா இங்க எப்படிக் கூட்டுவாங்க?" என்றார் தலைமையாசிரியை. அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை. பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன்.

தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: புகார் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள் ஐயா. எங்களைப் போன்ற ஊரிலிருந்து அது வராது. நீங்களாக வந்து வீடு வீடாக அந்த வெள்ளைச் சீட்டைக் கேளுங்கள். எங்கள் பீரோவில் மூன்று இருக்கின்றன.